பாஃபோஸில் ஒரு பகல்: தரை ஓவியங்களா, கல்லறைகளா?

சைப்ரஸின் மேற்குக் கரையில் இருக்கும் பாஃபோஸுக்கு ஒரே ஒரு பகல்தான் ஒதுக்க முடியும் என்றால் இந்தக் கேள்வி வந்துவிடும். துறைமுகத்தை ஒட்டி மொசைக் தரை ஓவியங்கள் உள்ள தொல்லியல் பூங்கா. அங்கிருந்து வடக்கே சுமார் 2 கிலோமீட்டர் போனால் ‘அரசர்களின் கல்லறைகள்’. இரண்டுமே 1980 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. டிக்கெட் தனித்தனி.

பூங்காவில் மற்றதை விட்டாலும், கிரேக்கர்களின் மதுக் கடவுளான தியோனிசஸின் பெயரில் அழைக்கப்படும் ‘தியோனிசஸ் வீட்டை’ விடக்கூடாது. 1962-இல் நிலத்தைக் கிளறியபோது தற்செயலாக வெளிப்பட்ட பணக்கார வீடு அது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டு, 4-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் இடிந்தது. 556 சதுர மீட்டர் தரை முழுக்க வண்ணக் கல் துண்டுகள். ஒரு படத்தில் மது குடித்துச் சரிந்து கிடக்கும் இரண்டு இடையர்கள். பக்கத்திலேயே கிரேக்கத்தில் ‘முதன்முதலில் மது குடித்தவர்கள்’ என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் தியோனிசஸ் இந்தியாவை வென்று திரும்பும் ஊர்வலம்: சிறுத்தைகள் இழுக்கும் தேர், கூடவே கைதிகளாகக் கருத்த நிறத்து இந்தியர்கள். அவ்வளவு தொலைவில் ஒரு வீட்டுத் தரையில் நம்மவர்களை இப்படிக் கற்பனை செய்து வைத்திருப்பதைப் பார்த்து அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

பூங்காவில் ஓடியன் அரங்கமும், 1222 நிலநடுக்கத்தில் விழுந்த கோட்டையும் இருக்கின்றன. நேரம் இருந்தால் பாருங்கள்.

அடுத்து கல்லறைகள். பெயரில்தான் அரசர்கள், உள்ளே ஒருவரும் இல்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாஃபோஸின் மன்னர் பரம்பரை முடிந்துவிட்டது. பிறகு எகிப்திலிருந்து ஆண்ட தாலமிகளின் காலத்தில் உயரதிகாரிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் வெட்டியவை இவை. பாறையைக் குடைந்து படி இறங்குகிறது. இறங்கினால் நான்கு பக்கமும் டோரிக் எனப்படும் எளிய கிரேக்க பாணித் தூண்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம். அசல் வீடு! செத்தவர்களுக்கு அவர்கள் வாழ்ந்த வீட்டைப் போலவே ஒன்றைத் தரைக்குக் கீழே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தூண்களைத் தனியாகக் கொண்டுவந்து நிறுத்தவில்லை, எல்லாம் ஒரே பாறையிலிருந்து வந்தவை என்பது தெரியும்போது கை தானாகவே சுவரைத் தடவப் போகிறது.

என் முடிவு, பலருடைய முடிவுக்கு எதிரானது: ஒன்றுதான் என்றால் கல்லறைகள். தரை ஓவியங்களை மரப்பாலத்தில் நின்று மேலிருந்து பார்க்கிறோம். அவற்றின் அழகில் பெரும்பகுதி நல்ல புகைப்படத்திலும் கிடைத்துவிடும். அந்த முற்றத்தில் நிற்கும்போது சுற்றிலும் சட்டென்று விழும் அமைதியும், தலைக்கு மேல் சதுரமாகத் தெரியும் வானமும் எந்தப் படத்திலும் வராது.

ஆனால் வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் பூங்காவுக்குப் போங்கள். தியோனிசஸ் வீட்டுக்குக் கூரை உண்டு, நடைபாதையும் சமம். கல்லறைகளில் படிகள் தேய்ந்து கிடக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் நடக்க வேண்டும். கிரேக்கப் புராணக் கதைகள் தெரிந்தவர்களுக்கும் பூங்காதான் அதிகம் கொடுக்கும்.

இரண்டையும் பார்க்கத்தான் போகிறேன் என்பவர்கள் கல்லறைகளைக் காலையில் திறந்தவுடன் முடித்துவிடுங்கள். அப்புறம் வெயில் ஏறும்போது தியோனிசஸ் வீட்டுக் கூரைக்குள் போய்விடலாம். செருப்பு வேண்டாம், நன்றாகப் பிடிக்கும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.