பழைய பைக்கின் டேங்க் துருவை எடுக்கக் கொடுப்பவர்கள் படிக்கவும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்ரோல் டேங்கின் உள்துருவை ஒரே நாளில் எடுத்து, கோட்டிங்கும் போட்டு, ஆயுசுக்கும் கேரண்டி தருகிறோம் என்று யாராவது சொன்னால், என்ன ஆசிட், என்ன கோட்டிங் என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டேங்கைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். எனக்கு 3,500 ரூபாய் போனது. அதைவிட, மறுபடி கிடைக்காத ஒரு டேங்க் பாழானது.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, அப்பா ஓட்டியது. 1996-க்குப் பிறகு அந்த மாடல் வரவில்லை என்பதால் ஒரிஜினல் டேங்க் தேடினால் யானை விலை சொல்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணை கரை புரண்டது நினைவிருக்கும். எங்கள் தெருவில் வண்டிகள் சீட் வரை முழுகி நின்றன. மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாக டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது அடியில் போய்த் தங்கும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ராஜ்தூத் மாதிரி வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவதால் டேங்கின் உள்சுவரில் கொஞ்சமாவது எண்ணெய்ப் பசை இருக்கும். ஆர்எக்ஸில் 2டி ஆயிலுக்கு, அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயிலுக்கு, தனி டேங்க். பெட்ரோல் டேங்கில் வெறும் பெட்ரோல்தான், அந்தப் பாதுகாப்பு கிடையாது. போதாததற்குக் கடலோர உப்புக் காற்று வேறு.

வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டு தெரு தாண்டினால் நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றினால், பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டில் செங்கல் பொடி மாதிரி துரு. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் எப்போதும் கொடுக்கும் மெக்கானிக், "டேங்கைச் சுத்தம் பண்ணாம கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் பிரயோசனம் இல்ல தம்பி, ஆனா அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும், எனக்கு இப்போ வெள்ளத்துல நின்ன வண்டியே வரிசையா நிக்குது" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த நேரத்தில்தான் புதுச்சேரியில் ஒரு பட்டறை பற்றிக் கேள்விப்பட்டேன்.

அங்கே பேச்சு நன்றாக இருந்தது. "ஸ்பெஷல் கெமிக்கல் சார், இன்னைக்குக் கொடுங்க, நாளைக்குச் சாயங்காலம் வாங்கிக்கங்க. இனிமே உங்க ஆயுசுக்கும் துரு வராது." என்ன கெமிக்கல் என்று கேட்டதற்கு "அது நம்ம தொழில் ரகசியம் சார்" என்று பதில். பில் கேட்டேன், புக் தீர்ந்துவிட்டது, அடுத்த தடவை தருகிறோம் என்றார்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். மறுநாள் டேங்க் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் வழவழவென்று பளபளத்தது. வெளியே மூடியைச் சுற்றிப் பெயிண்ட் வெளுத்திருந்தது; பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார்கள்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. மறுபடி வண்டி அடைத்தது. இந்த முறை கார்புரேட்டரில் துரு இல்லை, பிளாஸ்டிக் தோல் மாதிரி சாம்பல் நிறச் செதில்கள். டேங்குக்கு அடியில், இரண்டு தகடும் சேரும் மடிப்பு ஓரத்தில் பெயிண்ட் கொப்புளித்து, பெட்ரோல் கசிந்து வாசனை அடித்தது. சூடான எஞ்சினுக்கு நேர் மேலே கசிகிற பெட்ரோல்! வீட்டு வாசலில் அந்த வண்டியை நிறுத்தி வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

செதிலை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்தில் பைபர் படகு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கி, ஒடித்து, முகர்ந்து பார்த்தார். "இது எங்க ரெசின் தம்பி. படகு ஓட்டைக்குப் பைபர் பாய் வெச்சுப் பூசுறது. கடல் தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. இதைப் போய் பெட்ரோல் டேங்குல யாரு ஊத்தினது?" என்றார். படகுக்குப் பூசும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் எத்தனாலைத் தாங்காது. ஊறி, மெத்தென்று ஆகி, உரிந்துவிடும். இன்றைக்குப் பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பெட்ரோல் டேங்குக்கென்றே எத்தனால் தாங்கும் கோட்டிங் தனியாக விற்கிறது. அது விலை அதிகம், இது ஊரெல்லாம் கிடைக்கிறது. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

கோட்டிங்கைவிடப் பெரிய அநியாயம் ஆசிட்டில் நடந்திருக்கிறது. நம் மெக்கானிக் மடிப்பு ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். தகடு பேப்பர் மாதிரி ஆகி, ஊசி ஓட்டைகள் விழுந்திருந்தன. அந்த "ஸ்பெஷல் கெமிக்கல்" பாத்ரூம் கழுவும் ஆசிட்தான், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், என்பது அவர் கணிப்பு. அது துருவைச் சீக்கிரம் தின்னும், உண்மை. துரு தீர்ந்த பிறகு நிற்காது, இரும்பையும் தின்னும். வெறும் தண்ணீர் விட்டு அலசினால் மடிப்புக்குள் போன ஆசிட் வெளியே வராது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றி அதன் வீரியத்தை முறிக்க வேண்டும். அதைச் செய்யாமல், ஈரம் காயாமல், மேலே ரெசினை ஊற்றினால் துருவும் ஆசிட்டும் கோட்டிங்குக்குள் அடைபட்டுக் கிடந்து வேலையைத் தொடரும். எங்கள் டேங்கில் நடந்தது இதுதான்.

ஒழுங்காகச் செய்கிறவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று அவர் விளக்கினார். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பையும் மூடியையும் கழற்றி, துவாரங்களை அடைத்து, உள்ளே நட்டு அல்லது சின்னச் சங்கிலி போட்டுக் குலுக்கி முதலில் செதில் துருவை உதிர்ப்பது. அப்புறம் 5 முதல் 10 சதவீதம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரை முழுக்க நிரப்பி ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, இடையிடையே பார்ப்பது. பாஸ்பாரிக் ஆசிட்டும் நல்லதுதான், இரும்பின் மேல் ஒரு பாஸ்பேட் படலத்தை விட்டுப் போகும். பிறகு தண்ணீர், சோடா, மறுபடி தண்ணீர், உடனே சூடான காற்று. இந்தக் கடைசிக் கட்டத்தில் சோம்பினால் கண் முன்னே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படரும். காய்ந்ததும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றிவிடுவார்கள். நல்ல தகடு என்றால் கோட்டிங்கே தேவையில்லை. ஓட்டை விழுந்த டேங்கை "வெல்டிங் வெச்சுத் தர்றோம்" என்று யாராவது உடனே பற்றவைக்கப் போனால் தடுத்துவிடுங்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும், ஆளைக் கொன்றுவிடும்.

பட்டறையில் போய்க் கேட்டபோது, "பழைய டேங்க் சார், வெள்ளத்துல நின்னது, நாங்க என்ன பண்றது" என்று ஒரே பதில். ரெசின் செதிலைக் காட்டினேன். அது தங்களுடையதே இல்லை என்றார்கள். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன்: பெட்ரோல் டேப் எங்களுடையது இல்லை. ஒரிஜினலை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட் மாட்டியிருக்கிறார்கள். கொடுக்கும்போது டேங்கை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்திருந்தேன், டேப்பின் கைப்பிடியில் இருந்த பழைய கீறல் வரை தெரிகிறது. போட்டோவைக் காட்டியதும் குரல் உயர்ந்தது, "உங்களால ஆனதைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வேலையைக் கெடுத்தால்கூட மனிதன் மன்னிப்பான். பாகத்தைத் திருடியதைப் பொறுக்க முடியவில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பட்டறையிலிருந்து பதில் இல்லாததால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பில் தராததையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது, அதனால் பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். பணம் அனுப்பிய ஜிபே விவரம், டேங்கின் போட்டோக்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த கடிதம், ஒரு கவரில் அந்த ரெசின் செதில்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால், உரிந்த கோட்டிங்கைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.