அத்தையோடு தோஹாவில் 13 மணி நேரம்

பிசினஸ் கிளாஸுக்குக் கொடுக்கிற பணத்தில் பாதி, விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்துக்குத்தான். இந்தப் புரட்டாசியில் என் மாமியாரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்கு அழைத்துப் போய் வந்த பிறகு இதை உறுதியாகச் சொல்வேன். அத்தைக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழ்ந்த இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இந்தியாவைப் பார்த்ததில்லை. பழனிக்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. பிள்ளைகள் எல்லோருமாகப் பணம் போட்டு எடுத்த டிக்கெட் இது.

வழி இதுதான்: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஒரு மணி நேரம், அங்கிருந்து கத்தார் ஏர்வேஸில் தோஹா ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், பிறகு சென்னை. காலை ஐந்தரைக்கு தோஹாவில் இறங்கினோம். சென்னை விமானம் மாலையில்தான். இவ்வளவு நேரமா என்று என் கணவர் தயங்கினார். நான்தான் வேண்டுமென்றே இதை எடுத்தேன். அத்தையின் கால் ஓய்வில்லாமல் இரண்டு விமானம் தாங்காது.

டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன், வேறொரு நிறுவனத்தில், வேறொரு ஊர் வழியாக நான் போனபோது லௌஞ்ச் (பயணிகள் ஓய்வெடுக்கும் தனிக் கூடம்) வாசலில் என் போர்டிங் பாஸைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகவர் எனக்கு எடுத்துக் கொடுத்தது பிசினஸிலேயே மலிவான ரகம். ஏழு மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கத்தார் ஏர்வேஸ் பிசினஸிலும் 'லைட்' என்று ஒரு கட்டணம் உண்டு, அதில் லௌஞ்ச் சேராது. 'கிளாசிக்' எடுத்தால் சேரும். நீண்ட இடைவெளி இருந்தால் லைட் பக்கமே போகாதீர்கள்.

சாப்பாட்டிலும் நம்மவர்கள் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. 'இந்து உணவு' என்று பதிவு செய்தால் சைவம் வரும் என்று நினைத்துவிடுகிறோம். அது அசைவம். மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் 'ஆசிய சைவ உணவு' என்பதைத்தான் கேட்க வேண்டும், அதையும் முன்கூட்டியே. நான் மூன்று நாள் முன்பே பதிவு செய்துவிட்டேன். விமானத்தில் அத்தைக்குப் பருப்பும் சப்பாத்தியும் சூடாக வந்தன. வீல்சேரையும் அப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

தோஹாவில் விமான வாசலிலேயே வீல்சேர் நின்றது. விமானம் மாறுகிறவர்களுக்கும் அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. உலோக மூட்டு இருந்தால் கருவி கத்தத்தான் செய்யும். முதலிலேயே முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டேன். ஒரு பெண் அலுவலர் வந்து பொறுமையாகச் சோதித்தார். அத்தை செய்த மாங்காய் ஊறுகாயைப் பெட்டியில் போட்டது நல்லதாயிற்று. கைப்பையில் இருந்திருந்தால் அங்கேயே போயிருக்கும்.

கத்தார் ஏர்வேஸின் அல் முர்ஜான் லௌஞ்ச், விமான நிலையத்தில் பெரிய மஞ்சள் கரடிச் சிலை நிற்கும் கூடத்துக்கு மேலே இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டர். உள்ளே நுழைந்ததும் நடுவில் நீளமாக ஒரு நீர்த்தடாகம். அத்தை வீல்சேரை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் குளியல். வரவேற்பில் கேட்டால் தனி அறை தருகிறார்கள். துண்டு, சோப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இரவு முழுக்க விமானத்தில் இருந்துவிட்டுச் சுடுதண்ணீரில் குளித்து, புதுப் புடவை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபோது அத்தையின் முகமே மாறியிருந்தது. "இப்பதான் கண்ணு, மனுஷி மாதிரி இருக்கு" என்றார்கள். அப்புறம் அமைதி அறை. கால் நீட்டிச் சாயும் இருக்கையோடு தனித்தனித் தடுப்புகள். முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவர்களுக்கே. அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்பே அங்கே போய்விட்டோம்.

தூங்கும் நேரத்தை நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். தோஹா நேரம் நம் தென்னாப்பிரிக்க நேரத்துக்கு ஒரு மணி முன்னால், சென்னை மூன்றரை மணி முன்னால். சென்னையில் நாங்கள் இறங்குவது அதிகாலை இரண்டு மணி வாக்கில். டர்பன் கணக்குக்கு அது இரவு பத்தரை, அத்தை வழக்கமாகப் படுக்கிற நேரம். ஆகவே காலையில் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு எழுப்பிவிட்டேன், மதியம் கண்ணயர விடவில்லை. கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஆனால் சென்னை ஓட்டலில் படுத்ததும் தூங்கி, காலை ஒன்பதுக்குத்தான் எழுந்தார்கள். நேர மாற்றத்தின் சோர்வு ஒருநாள்கூட இல்லை.

சாப்பாட்டுக் கூடம் மேல்தளத்தில், லிஃப்ட் இருக்கிறது. சைவத்துக்குக் குறையில்லை: ஹம்முஸ், பருப்புச் சூப், ரொட்டி, பழங்கள், தயிர். அத்தை தயிரில் சோற்றைப் பிசைந்து, கைப்பையிலிருந்து மோர்மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்தார்கள். பரிமாறுகிறவர் அது என்னவென்று கேட்டு, ஒன்றை வாங்கிக் கடித்தும் பார்த்தார்.

மதியத்துக்கு மேல் ஆர்ச்சர்டுக்குப் போனோம். 2022இல் திறந்த உள்தோட்டம் இது, கண்ணாடிக் கூரைக்குக் கீழே 300க்கும் மேற்பட்ட மரங்கள். வெளியே பாலைவன வெயில், உள்ளே ஈரப் பச்சை. தோட்டத்தைப் பார்த்தபடி 'தி கார்டன்' என்று இன்னொரு அல் முர்ஜான் லௌஞ்சும் உண்டு. அதே டிக்கெட்டில் அங்கும் போகலாம். பொழுதைக் கழிக்க முதல் லௌஞ்சைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அத்தை ஒரு பழைய நகலை எடுத்துக் காட்டினார்கள். ஒப்பந்தக் கூலியாக வந்த அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவு. பெயர், எண், வயது, அப்புறம் ஊர்: வட ஆற்காடு. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி, ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1860 நவம்பர் 16இல்தான் டர்பனைத் தொட்டது. கொள்ளுத்தாத்தா வந்தது அதற்குப் பின் வந்த ஒரு கப்பலில். "அவருக்கு எங்கே இறக்கிக் குளிக்கத் தண்ணி குடுத்தாங்களோ" என்று அத்தை கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்குள்ளேயே ஓரிக்ஸ் என்ற ஓட்டலும் இருக்கிறது, குடிநுழைவு தாண்டாமல் தங்கலாம். தனிக் கட்டணம். சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

திரும்பும்போது இடைவெளி மூன்று மணி நேரம்தான். தோட்டத்தையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டோம். வீல்சேர் நேராகக் குளியலறைக்குப் போனது. அத்தையின் மடியில் பழனிப் பஞ்சாமிர்தத்தின் சின்ன டப்பா ஒன்று, நூறு மில்லிக்கும் குறைவானது, சோதனையைத் தாண்டி வந்துவிட்டது.