பகல் பணியா, இரவுப் பணியா: வார்டு உதவியாளராகப் புதிதாகச் சேர்பவர்களுக்கு

தனியார் மருத்துவமனையில் நோயாளி பராமரிப்பு உதவியாளராகச் சேர்பவர் வேலை கற்பதற்குப் பகல்தான் ஏற்றது. குளிப்பாட்டுவது, சக்கர நாற்காலியில் ஸ்கேனுக்கு அழைத்துச் செல்வது, டிஸ்சார்ஜ் எல்லாம் அப்போதுதான் நடக்கும். சந்தேகம் கேட்க மூத்தவர்களும் இருப்பார்கள். பார்வையாளர்களின் அதட்டலும் சேர்ந்தே வரும்.

இரவில் அந்தக் கூட்டம் இல்லை. உதவிக்கு ஆளும் குறைவு. எழ முடியாத நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கனமான உடலைத் தனியாகத் திருப்ப முயன்றால் உங்கள் இடுப்புதான் போகும். செவிலியரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். முதியவர்கள் சிலருக்கு இருட்டியதும் குழப்பம் கூடும். மகனென்று நினைத்து நம்மைத் திட்டுவார்கள், குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள், கழிப்பறைக்குத் தனியே எழுந்து விழுவார்கள். மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பதும் பெரும்பாலும் உதவியாளரின் கண்தான். இத்தனைக்கும், விடியற்காலை நான்கு மணி வாக்கில் நம் உடலே தூக்கத்துக்குக் கெஞ்சும்.

உடல்நலத்தில் பகலுக்கே வெற்றி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் 2019இலும் இரவுப் பணியை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்தது.

இரவுப் படி தனியாகத் தருவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பகலில் படிப்பவர்களுக்கு இரவு வசதிதான், ஆனால் வீட்டில் பகலில் தூங்க ஓர் அமைதியான அறை இருந்தால் மட்டும்.