ஸ்டாட்டிக் தளத்தில் மற்றவர்களும் எழுதலாம்: டெகாப் சிஎம்எஸ் பயன்பாட்டு அனுபவம்

கோப்புகளிலிருந்து பக்கங்களை முன்கூட்டியே கட்டித் தரும் ஹ்யூகோ என்ற கருவியில் அமைந்த எங்கள் அமைப்பின் ஸ்டாட்டிக் தளத்தில், உலாவியிலிருந்தே உள்ளடக்கத்தை எழுத உதவும் டெகாப் சிஎம்எஸ் சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்று அறியப்பட்டு, 2023இல் பெயர் மாறிய அதே கருவிதான். அறிவிப்புகளையும் நிகழ்ச்சி விவரங்களையும் எழுதுகிறவர்களில் யாருக்கும் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருள் பழக்கமில்லை. பழகவேண்டிய தேவையும் வரவில்லை. உலாவியில் படிவம் திறக்கிறது, நிரப்புகிறார்கள், வெளியிடுகிறார்கள். பின்னணியில் அது கிட்டில் ஒரு கமிட்டாக, அதாவது சேமித்த ஒரு மாற்றமாகப் பதிவாகி, தளம் புதிதாகக் கட்டப்படுகிறது.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு முதல் காரணம் படிவத்தைச் சிக்கனமாக வைத்ததுதான். தலைப்பு, தேதி, படம், உள்ளடக்கம், அவ்வளவே. எழுத்தின் நிறம், அளவு, பக்க அமைப்பு எதையும் அதில் சேர்க்கவில்லை. எடிட்டரில் எழுத்தை வடிவமைக்க இடும் மார்க்டவுன் குறிகளைக் காட்டும் முறையையும் மறைத்துவிட்டு, தடித்த எழுத்து, இணைப்பு, பட்டியல் ஆகிய பொத்தான்களை மட்டும் விட்டுவைத்தேன். எதைத் தொட்டாலும் தளம் உடையாது என்ற நம்பிக்கை வந்தபிறகே அவர்கள் தயங்காமல் எழுதத் தொடங்கினார்கள்.

கோப்புகளை நேரடியாகத் திருத்திய காலத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ‘பொதுக்கூட்டம்: நேர மாற்றம்’ என்று ஒரு தலைப்பு வரும். முக்காற்புள்ளியும் அதையடுத்து ஓர் இடைவெளியும், கோப்பின் தொடக்கத்தில் தலைப்பு, தேதி போன்ற விவரங்களை எழுதும் யாமல் வடிவத்தில் தனிப்பொருள் கொண்டவை. மேற்கோள்குறிக்குள் அடைக்காவிட்டால் தளம் கட்டப்படாமல் நின்றுவிடும். எழுதியவரோ பிழையே இல்லாமல் எழுதியிருப்பார்! அவரிடம் போய் என்ன சொல்வது? இப்போது மேற்கோள்குறி தேவைப்படும் இடத்தில் கருவியே போட்டுக்கொள்கிறது.

தேதிக் கட்டம் வேறு வகையில் படுத்தியது. எதிர்காலத் தேதியிட்ட பக்கங்களை ஹ்யூகோ இயல்பாகவே வெளியிடாது. தேதியுடன் நேர மண்டலம் குறிக்கப்படாவிட்டால் அதை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். ஆகவே அந்நேரத்துக்கு முந்தி விடியும் ஊர்களில் காலை பத்து மணி என்று போட்ட அறிவிப்பு, கட்டும் கணினிக்கு இன்னும் வராத நேரமாகிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கம் மட்டும் இருக்காது. ஹ்யூகோவின் அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை ஒரு வரியில் குறித்துவிட்டால் சரியாகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

படங்களில் கண்டிப்பு வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் பல எம்பி கனக்கும். கிட் பழைய பதிப்புகளையும் வைத்திருப்பதால், பிறகு படத்தை நீக்கினாலும் தளத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம் இளைக்காது. தளம் கட்டப்படும்போது ஹ்யூகோ படங்களைச் சிறிதாக்கித் தரும். அது வாசகருக்கு உதவுமே தவிர களஞ்சியத்துக்கு உதவாது. பதிவேற்றும் முன்பே சுருக்கச் சொல்வதைத் தவிர எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உள்நுழைவு இன்னும் உறுத்துகிறது. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் வழியாக நேரடியாக இணைத்தால் எழுதும் ஒவ்வொருவருக்கும் அங்கே கணக்கும் களஞ்சியத்தில் எழுதும் உரிமையும் தேவை. அறிவிப்பு எழுத வந்தவரிடம் அதைக் கேட்பது அநியாயம். இடைநிலைச் சேவை ஒன்றை வைத்து மின்னஞ்சல் மூலம் நுழைய விடலாம். ஆனால் அதைப் பராமரிக்கும் வேலை நம் தலையில் விழும்.

வரைவு, பரிசீலனை, தயார் என்று மூன்று நிலைகளில் பதிவை நகர்த்தும் வசதியை மனமாரப் பாராட்டுகிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து வெளியிடும் இடங்களுக்கு இது அருமை. முன்னோட்டம்தான் ஏமாற்றம்: தளத்தின் வார்ப்புருவை அதற்கெனத் தனியாக எழுதித் தராவிட்டால் வெறும் கட்டங்களின் தொகுப்பாகத்தான் தெரியும்.

வெளியிட்டதும் பக்கம் உடனே மாறாது. அந்த இடைவெளியில் மாற்றம் போகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வெளியிடுவார்கள். ஒவ்வொரு முறையும் தளம் மறுபடி கட்டப்படும். கட்டுமானம் முடிந்ததும் எழுதியவருக்கே மின்னஞ்சல் போகும்படி செய்தேன். அதன்பிறகு அந்தக் கேள்வியோடு என்னைத் தேடி யாரும் வரவில்லை.