பிரித்தானியாவில் தஞ்சம் கேட்டவர்: உறவினர் வீடா, அரசு தங்குமிடமா?

தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை கையில் பணமில்லாதவர் ஏ.எஸ்.எஃப்.1 என்ற அரசு உதவி விண்ணப்பப் படிவத்தில் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: செலவுப்பணம் மட்டும், அல்லது தங்குமிடமும் பணமும். 2024 ஜனவரியில் நிர்ணயித்த தொகை ஆளுக்கு வாரம் 49.18 பவுண். அது ஆஸ்பென் எனும், தஞ்சம் கேட்டவருக்கு அரசு தரும் பண அட்டையில் ஏறும். சமைத்துச் சாப்பிடும் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் இதே தொகைதான். சாப்பாடு தரும் ஹோட்டலில் 10 பவுணுக்கும் குறைவு.

உறவினர் வீட்டில் இருந்தால் ஊர் மாறாது; வழக்கறிஞரும் பிள்ளைகளின் பள்ளியும் அப்படியே இருக்கும். ஆனால் வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். அவர் "தங்கலாம்" என்று மட்டும் எழுதினால், சாப்பாட்டுச் செலவையும் அவரே பார்ப்பாரா என்ற கேள்வி வரும். இடம் மட்டுமே தர முடியும், செலவுக்குத் தர முடியாது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அரசு தங்குமிடத்தில் வாடகையும் மின்கட்டணமும் இல்லை. ஊரைத் தெரிவு செய்ய முடியாது. லண்டனில் இருப்பவரை வடக்கே அனுப்பலாம். தகுந்த காரணமின்றி மறுத்தால் உதவியே நின்றுபோகும். அனுமதியின்றித் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வெளியே தங்குவதும் விதிமீறல்.

பெரிய ஆபத்து முகவரி மாற்றத்தில்தான். புது முகவரியை ஹோம் ஆபிஸுக்கும் (தஞ்சக் கோரிக்கைகளைக் கையாளும் உள்துறை அமைச்சு) வழக்கறிஞருக்கும் தனித்தனியாக எழுத்தில் அறிவியுங்கள். நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் வராவிட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள்.

உறவினர் வீட்டில் மனக்கசப்பு தொடங்கினால் வெளியேற்றும்வரை பொறுக்க வேண்டாம். தங்குமிடம் பின்னரும் கேட்கலாம். உதவி மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்குக் கிடைப்பது 3 நாள்தான். கடிதம் வந்த அன்றே சட்ட உதவி தேடுங்கள்.