ஊட்டி ரோட்டு வேலையைக் காட்டி ரூ.9,400 பறித்துவிட்டார்கள். கார் புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

கோவை–ஊட்டி–மைசூர் பயணத்துக்கு ஆன்லைனில் கார் பிடித்துக் கொடுக்கும் ஒரு டாக்சி தளம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பாதி அட்வான்ஸ் என்று ரூ.9,400 வாங்கினார்கள். வண்டி மலை ஏறும் இடத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள கல்லாறு சோதனைச்சாவடியையே தாண்டவில்லை. பணம் இன்றுவரை திரும்பவில்லை.

நம்ப வைத்த விதம்தான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. போனில் பேசியவர் அந்த ரோட்டை நன்றாகத் தெரிந்தவர். "குன்னூர் ரூட்ல வேலை நடக்குது சார், பாதி ரோடுதான் விடுறாங்க, ரெண்டு மணி நேரம் நிக்கணும். இறங்கும்போது கல்லட்டி வழியா மசினகுடி போயிடலாம். நம்ம வண்டிக்கு மாற்றுப்பாதை பர்மிட் இருக்கு. இ-பாஸும் நாங்களே எடுத்துடுறோம், உங்களுக்கு ஒரு டென்ஷனும் வேண்டாம்." இ-பாஸ் என்பது வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய எடுக்க வேண்டிய ஆன்லைன் அனுமதி. பத்தே நிமிடத்தில் க்யூஆர் கோடு போட்ட இ-பாஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் வண்டி எண், தேதி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் பணம் போனது.

கல்லாறில் ஸ்கேன் செய்தால் திரையில் வேறொரு வண்டியின் எண். யாருக்கோ எடுத்த பாஸில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். புதிதாக எடுக்கலாம் என்றால் அன்றைய ஒதுக்கீடு முடிந்துவிட்டது. டிரைவர் "கம்பெனிகிட்ட பேசிக்கோங்க" என்று மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இவர்கள் சொன்னதில் உண்மை எது, பொய் எது என்று பிரித்துச் சொல்கிறேன். மலைப்பாதையில் கோடையில் வேலை நடப்பது உண்மை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் தடுப்புச்சுவர், சிறுபாலம், தார் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஈரத் தரையில் தார் பிடிக்காது. சுவருக்குப் போட்ட கான்கிரீட் இறுக நாள் வேண்டும், அதனால் ஆள் யாரும் இல்லாத நேரத்திலும் ஒரு பக்கம் மூடியேதான் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழு அகலமும் தேவை. காத்திருக்கும் வரிசையை முந்தி ஒரு கார் எதிர்ப்பக்கத்தில் ஏறி நின்றால் போதும், மேலிருந்து வரும் பஸ் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். அரை மணி நேர நிறுத்தம் இரண்டு மணி நேரமாவது இப்படித்தான். இதற்கு எந்தக் கம்பெனியிடமும் குறுக்கு வழி கிடையாது.

சுற்றுலா வண்டிக்கு "மாற்றுப்பாதை பர்மிட்" என்று ஒன்று விற்பது சுத்தப் பொய். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். போலீஸ் போடும் இந்த ஒருவழி எல்லாருக்கும் பொது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்க அனுமதியே இல்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அந்த வழியாக இறக்குகிறேன் என்று குடும்பத்தோடு வருபவர்களிடம் காசு வாங்குவது வெறும் பண மோசடி மட்டும் இல்லை.

அப்புறம் ரீஃபண்ட் கதை. முதல் போனில் "ரோட்டு வேலைக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்றார்கள். வண்டி நின்றது ரோட்டு வேலையால் இல்லை, உங்கள் போலி பாஸால் என்றதும் "மேலிடத்துக்குச் சொல்றோம், ஏழு வேலை நாள்" என்றார்கள். அடுத்து வேறு ஒருவர், "டிரைவர் வந்து நின்னாரு, நீங்கதான் ஏறலைன்னு ரெக்கார்டுல இருக்கு" என்றார். அதே வண்டியில் கல்லாறு வரை வந்ததற்கு சாவடியில் எடுத்த போட்டோ இருக்கிறது. அனுப்பினோம். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது, சாட் மூடிவிட்டது. ரூ.9,400 எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

விரிவாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, இப்போது மனம் ஓடவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். நீலகிரி இ-பாஸ் இலவசம், அரசுத் தளத்தில் உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி வர, நீங்களே எடுங்கள். அதற்குக் காசு கேட்டாலே போனை வையுங்கள். வண்டி எண் கைக்கு வந்த பிறகு எடுங்கள், வண்டியை மாற்றினால் பாஸையும் மாற்ற வேண்டும். உயர் நீதிமன்றம் 2025 கோடைக்கு வைத்த வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அதனால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். பிறர் எடுத்துக் கொடுத்த பாஸ் என்றால் கிளம்பும் முன்பே க்யூஆரை ஸ்கேன் செய்து எண்ணைப் பாருங்கள். மைசூர் போகிறவர்கள், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை.

பணம் போனால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. ரூ.9,400-க்கு இரண்டிலும் பதிவு செய்தாகிவிட்டது. இதே மாதிரி "மாற்றுப்பாதை பர்மிட்" என்று பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதை அழிக்காமல் வைத்திருங்கள்.