குரோமாட்டிக் ஹார்மனி: பெயரில் தொடங்குவதா, நகர்வில் தொடங்குவதா?

ஸ்கேலுக்குள் இருக்கும் ஏழு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்புகள்) வரை, அவற்றைக் கோக்கும் ஹார்மனி பாடம் சுமுகமாகவே போகும். வெளியிலிருந்து ஒரு சுரம் உள்ளே நுழைந்ததும்தான், அதாவது குரோமாட்டிக் ஹார்மனியில்தான், மாணவர்கள் தடுமாறுவார்கள். ஆசிரியர்களும் அந்த இடத்தில்தான் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் புதிதாக வரும் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பெயர், ஸ்கேலில் அதன் படியைக் காட்டும் ஒரு ரோமன் எண், ஒரு விதி என்று கொடுத்துக்கொண்டே போவார்கள். இன்னொரு சாரார் கார்டின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு, எந்தக் குரல் (கார்டுகளின் ஊடே ஓடும் ஒரு சுர வரிசை) எங்கே அரைச்சுரம் நகர்கிறது என்று காட்டுவார்கள். நான் இரண்டாவது கட்சி, ஓரிடம் தவிர.

அந்த ஓரிடம் செகண்டரி டாமினன்ட், அதாவது வீட்டுக் கார்டு அல்லாத இன்னொரு கார்டுக்கு முன்னால் அதன் டாமினன்ட்டை (ஐந்தாம் படிக் கார்டை) போடுவது. அதைச் சொல்லித்தர ரோமன் எண்ணை மிஞ்ச எதுவும் இல்லை. சி மேஜரில் டி, எஃப் ஷார்ப், ஏ, சி சேர்ந்து வந்தால் ‘ஐந்தின் ஐந்து’ என்று சொல்லி முடித்துவிடலாம். ஜி-யைக் கொஞ்ச நேரம் வீடாக நினைத்துக்கொண்டு அதன் டாமினன்ட் செவன்த்தை (ஏழாம் சுரமும் சேர்ந்த டாமினன்ட்டை) போட வேண்டும், அவ்வளவுதான். இது பிடிபட்ட மாணவர் ஏ மைனருக்கு முன்னால் ஈ, ஜி ஷார்ப், பி, டி போட யாரையும் கேட்கமாட்டார். நகர்வு வழிக்காரர் ‘எஃப் ஷார்ப் அரைச்சுரம் ஏறி ஜி-க்குப் போகிறது’ என்பார். உண்மைதான், ஆனால் அந்தக் கார்டு ஏன் ஜி-யை நோக்கி அவ்வளவு அழுத்தமாகத் தள்ளுகிறது என்பது அதில் வராது. ஈ7, ஏ7, டி7, ஜி7 என்று டாமினன்ட் செவன்த்துகளை வரிசையாகக் கோக்கும்போது மட்டும் நகர்வுக்கும் வேலை உண்டு. ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று ஒரு குரலும் டி, சி ஷார்ப், சி, பி என்று இன்னொரு குரலும் படிப்படியாக இறங்கும். அதைப் பாடிப் பார்க்கச் சொல்லலாம்.

ஆகுமென்டட் சிக்ஸ்த்துக்கு (அரைச்சுரம் அகட்டிய ஆறாம் இடைவெளி கொண்ட கார்டுக்கு) வந்ததும் நிலைமை தலைகீழ். இத்தாலியன், ஃபிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று நாட்டுப் பெயர்கள். பெயர் வழியில் மாணவர் மூன்றுக்கும் தனித்தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்கிறார். தேர்வு முடிந்ததும் எது எந்த நாடு என்பது மறந்துவிடுகிறது. அந்தப் பெயர்களுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லாததால் மறப்பதில் வியப்பும் இல்லை.

நகர்வு வழி இதை மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து எடுக்கும். சி மைனரில் எஃப் மைனரின் முதல் இன்வெர்ஷனை (கார்டின் நடுச் சுரம் பாஸில், அதாவது கீழ்க் குரலில் வரும் வடிவத்தை) வாசியுங்கள். பாஸில் ஏ ஃப்ளாட், மேலே இரண்டு சி, ஓர் எஃப். அடுத்து ஜி மேஜர். ஏ ஃப்ளாட் அரைச்சுரம் இறங்கி ஜி-க்குப் போகிறது. எஃப் முழுச்சுரம் ஏறி ஜி-க்குப் போகிறது. அந்த முழுச்சுரத்துக்கு நடுவில் எஃப் ஷார்ப்பைத் தொட்டுக்கொண்டு போங்கள். அந்தக் கணத்தில் ஒலிப்பதுதான் இத்தாலியன் சிக்ஸ்த். இரண்டு சி-யில் ஒன்றை டி ஆக்கினால் ஃபிரெஞ்சு, ஈ ஃப்ளாட் ஆக்கினால் ஜெர்மன். ஜெர்மன் நேராக ஜி மேஜருக்குப் போனால் பேரலல் ஃபிஃப்த்ஸ் (இரண்டு குரல்கள் ஐந்தாம் இடைவெளி மாறாமல் சேர்ந்தே நகரும் பிழை) வந்துவிடும், நடுவில் கேடென்ஷியல் சிக்ஸ்-ஃபோர் (பாஸில் ஜி வைத்த சி மைனர்) எதற்கு என்பதும் அங்கேயே விளங்கிவிடும். எஃப் ஷார்ப்பை ஜி ஃப்ளாட் என்று ஏன் எழுதக் கூடாது என்ற கேள்விக்கும் தனிப் பாடம் வேண்டாம். கீபோர்டில் அதே கட்டைகள்தான். ஆனால் ஜி ஃப்ளாட் என்றால் அது ஏ ஃப்ளாட் செவன்த், அது கீழே இறங்கி டி ஃப்ளாட்டுக்குப் போகப் பார்க்கும்.

நியாபொலிட்டன் என்ற கார்டு இந்த இரண்டு நிலைக்கும் நடுவில். ‘தாழ்த்திய இரண்டாம் படியில் மேஜர், முதல் இன்வெர்ஷன்’ என்ற விளக்கம் கச்சிதமானது. ஆனால் அந்தத் தாழ்த்திய சுரம் அடுத்து எங்கே போக வேண்டும் என்று அது சொல்லாது. 1802-ல் வெளியான பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவில் முதல் பகுதியின் மூன்றாவது பாரை (தாளக் கட்டத்தை) பாருங்கள். கீ சி ஷார்ப் மைனர், கார்டு டி மேஜர், பாஸில் எஃப் ஷார்ப். அடுத்த கார்டில் அந்த டி, சி ஷார்ப்பைத் தாண்டி நேரே பி ஷார்ப்புக்கு இறங்குகிறது. பெயரைச் சரியாக எழுதிவிட்டு டி-யை டி ஷார்ப்புக்கு ஏற்றும் மாணவருக்கு இந்த ஒரு தாவலைக் காட்டினாலே போதும்.

பெயர் வழி உண்மையில் திணறும் இடம் ஷோப்பானின் ஈ மைனர் பிரெலூட், ஓபஸ் 28, நான்காம் எண். இடது கையில் மூன்று சுரக் கார்டுகள், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம் நழுவி இறங்குகிறது. பாஸ் ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று போகிறது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதலாம், எழுதியும் வைக்கிறார்கள். பக்கம் நிறையும், இசை ஏன் இப்படிப் போகிறது என்பதற்கு மட்டும் பதில் கிடைக்காது.

நகர்வு வழிக்கும் விலை உண்டு. நேரம் பிடிக்கும். கீபோர்டு பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் சில வாரங்கள் கஷ்டம். திருத்துவது அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் எண்ணைப் பார்த்து டிக் போடுவதுபோல நான்கு குரல்களைப் பார்த்துப் போட முடியாது. தேர்வுத்தாளும் பெரும்பாலும் பெயரைத்தான் கேட்கும். அதனால் பெயரை விடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கார்டையும் வாசித்து, பாடி, நான்கு குரலில் எழுதிய பிறகு பெயரைச் சொல்லுங்கள் என்கிறேன்.

மூன்றாவதாக நியோ ரீமானியன் முறை ஒன்று இருக்கிறது. ஜெர்மன் இசைக் கோட்பாட்டாளர் ஹூகோ ரீமானின் பழைய கருத்துகளைத் தூசு தட்டி 1980-களில் அமெரிக்கக் கோட்பாட்டாளர் டேவிட் லூயின் தொடங்கிவைத்தது. இதில் கீயே (வீட்டுச் சுரமே) கிடையாது, ஒரு ட்ரையாட் (மூன்று சுரக் கார்டு) இன்னொன்றாக மாறுவது மட்டும்தான். சி மேஜரில் ஈ-யை ஈ ஃப்ளாட் ஆக்கினால் சி மைனர், சி-யை பி ஆக்கினால் ஈ மைனர், ஜி-யை ஏ ஆக்கினால் ஏ மைனர். மாணவர்களுக்கு இது பிடிக்கும், புதிர் மாதிரி இருப்பதால். ஆனால் டாமினன்ட்டின் இழுப்பைப் பற்றி இது வாயே திறக்காது என்பதால் ஆரம்பப் பாடமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சி மேஜர், ஏ ஃப்ளாட் மேஜர், ஈ மேஜர், மறுபடி சி மேஜர் என்று மேஜர் தேர்டு தேர்டாக (நான்கு நான்கு அரைச்சுரமாக) இறங்கும் இடம் வரும்போது எடுத்தால் சரியாக இருக்கும். அதை ரோமன் எண்ணின் கணக்குப்படி எழுதினால் ஈ, எஃப் ஃப்ளாட் ஆகிவிடும், கிளம்பிய சி-க்குத் திரும்பும்போது தாளில் டி டபுள் ஃப்ளாட் (கீபோர்டில் அதே சி) நிற்கும்.